மடிப்பில் வெடிப்பு, ஒட்டியதும் வளைவு: வாழ்த்து அட்டை

நண்பர்களோடு செய்த அட்டைகள் மடிப்பில் வெடிக்கின்றன, படம் ஒட்டியதும் வளைகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

வெடிப்புக்குக் காரணம் காகிதத்தின் இழையோட்டம், அதாவது அதன் நார்கள் ஓடும் திசை. தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில்தான் மடிப்பு வர வேண்டும். ஏ4 அட்டையில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்தால் இழைக்குக் குறுக்கே மடிப்பு விழுந்து வெள்ளையாகப் பிளக்கும். முதலில் இரண்டாக வெட்டுங்கள். கிடைக்கும் 148×210 மி.மீ. துண்டை 105 மி.மீட்டரில் மடித்தால் இழையோடு ஒத்துப்போகும். 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) உள்ள தடித்த அட்டை என்றால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து, கோடு அழுத்திக்கொள்வது கட்டாயம். பள்ளம் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

வளைவுக்குக் காரணம் ஃபெவிக்காலில் உள்ள நீர். க்ளூ ஸ்டிக் அல்லது இருபக்க டேப் போதும். ஏற்கெனவே வளைந்தவற்றுக்கு மறுபக்கமும் அதே அளவு தாள் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள்.

எல்லோரும் எழுதும் வாழ்த்தை அட்டையில் நேரடியாக வாங்காதீர்கள். தனித்தாளில் எழுதி உள்ளே ஒட்டினால், ஒருவர் பிழைவிட்டாலும் அட்டை பிழைக்கும்.