டிரேடிங் கார்டு விளையாட்டைச் செயலியாக்கும் முன்: படங்களின் உரிமை உங்களிடம் இருக்கிறதா?

கேள்வி: நானும் என் நண்பரும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்கு முன் அட்டைகளைச் சேகரித்தும் மாற்றிக்கொண்டும் ஆடும் ஒரு டிரேடிங் கார்டு விளையாட்டை உருவாக்கி, அச்சிட்டு விற்று வருகிறோம். மொத்தம் 240 அட்டைகள். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 11 ஓவியர்கள் படம் வரைந்தார்கள். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசி, பேசிய தொகையை முழுமையாகக் கொடுத்துவிட்டோம். சிலரிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது; சிலரிடம் மின்னஞ்சல் மட்டுமே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் விலகிவிட்டார். இப்போது ஒரு நிறுவனம் இதைக் கைபேசிச் செயலியாக்க முன்வந்து ஒப்பந்த வரைவை அனுப்பியுள்ளது. ஓவியர்களில் ஒருவர் தன் படங்களைச் செயலியில் பயன்படுத்தக் கூடாது என்கிறார். இதற்கிடையே எங்கள் விளையாட்டின் விதிகளையே கொண்ட வேறொரு செயலியும் வெளிவந்துவிட்டது. நான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

பதில்: வரைவு இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட வேண்டாம். அதில் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் பிரிவில், விளையாட்டின் பெயர், படங்கள், எழுத்து, விதிகள் அனைத்தின் உரிமையும் உங்கள் ஒருவருக்கே உரியது என்று நீங்கள் உறுதி அளிக்கிறீர்கள். அடுத்த பிரிவில், வேறு யாரேனும் உரிமை கோரினால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு முழுவதையும், வழக்குச் செலவு உட்பட, உச்ச வரம்பு எதுவும் இல்லாமல் நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொள்கிறீர்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தைப் படித்தாலே முதல் பிரிவு உண்மையல்ல என்பது தெரிந்துவிடுகிறது. உண்மையல்ல என்று தெரிந்த ஒன்றை உறுதியாக எழுதிக் கொடுப்பதுதான் இந்த விவகாரத்தில் உங்களுக்குள்ள மிகப் பெரிய ஆபத்து. போட்டிச் செயலி அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

போட்டிச் செயலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமை ஒரு கருத்தை வெளிப்படுத்திய வடிவத்தைக் காக்கிறது. கருத்தையோ செயல்முறையையோ காப்பதில்லை. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை 9 ஆவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஓர் அட்டையை இறக்க எத்தனை புள்ளி செலவாகும், யார் முதலில் தாக்கலாம், எப்போது அட்டை கைக்குத் திரும்பும் என்பவையெல்லாம் செயல்முறைகள். 'பேங்!' என்ற இத்தாலிய அட்டை விளையாட்டின் விதிகளை அப்படியே எடுத்து, வேறு பாத்திரங்களும் வேறு படங்களுமாக ஒரு சீன விளையாட்டு வந்தபோது தொடரப்பட்ட வழக்கில், அமெரிக்காவின் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2016 இல் அந்த விதிகளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்றே முடிவு செய்தது. அதே நேரத்தில், 'டெட்ரிஸ்' விளையாட்டின் தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்த கைபேசிச் செயலிக்கு எதிராக நியூ ஜெர்சி நீதிமன்றம் 2012 இல் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தச் செயலியில் உங்கள் ஓவியங்களோ, அட்டையின் அடியில் வரும் கதைவரிகளோ, அட்டையின் ஒட்டுமொத்தத் தோற்றமோ வந்துள்ளதா என்று திரைப்பிடிப்புகளுடன் (ஸ்கிரீன்ஷாட்) தேதியிட்டுச் சேகரித்து வையுங்கள். விதி மட்டும் ஒன்றாக இருந்தால் வழக்குக்கு இடம் இல்லை. காப்புரிமை (பேடண்ட்) பெற்றிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். 'மேஜிக்: த கேதரிங்' விளையாட்டின் ஆட்டமுறைக்கு 1997 இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது, அது இப்போது காலாவதியாகிவிட்டது. ஏழு ஆண்டுகளாக வெளிப்படையாக விற்கப்பட்டு வரும் ஒரு விளையாட்டுக்கு இனிமேல் காப்புரிமை கேட்க இயலாது, ஏனெனில் அது புதியதல்ல.

இனி ஓவியங்களுக்கு வருகிறேன். டிரேடிங் கார்டு விளையாட்டில் சட்டத்தின் கண்ணுக்கு மதிப்புள்ள பொருள் பெரும்பாலும் ஓவியமே. விதியை யாரும் எடுத்துக்கொள்ளலாம், படத்தை எடுக்க முடியாது. அந்தப் படம் யாருடையது என்பதற்கு, "நாங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டோம்" என்பது பல நாடுகளில் விடையாகாது. பிரிட்டனின் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியாகத் தொழில் செய்யும் ஓவியர் பணம் பெற்று வரைந்த படத்துக்கும் அவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவிலும் உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, உரிமையை விட்டுக்கொடுப்பவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் ஊழியர் அல்லாத கலைஞரின் படைப்பு பணம் கொடுத்தவருக்குத் தானாகவே சேர்ந்துவிடாது என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989 இல் ஒரு சிற்பியின் வழக்கில் தெளிவாக்கியது. ஜெர்மனியில் பதிப்புரிமையையே வாழும் காலத்தில் கைமாற்ற முடியாது. பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தர முடியும், அதுவும் எழுத்தில் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தின் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வேறு பாதையில் செல்கிறது: வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவரையே 17 ஆவது பிரிவு முதல் உரிமையாளராக ஏற்கிறது. ஆனால் கணினியில் வரைந்த அட்டைப் படம் அந்தப் பிரிவு சொல்லும் ஓவியமா என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அதோடு, எழுத்தில் உரிமை மாற்றம் செய்து கால அளவைக் குறிப்பிட மறந்திருந்தால், அதே சட்டத்தின் 19 ஆவது பிரிவு அதை ஐந்து ஆண்டுகளுக்கானது என்றே கொள்ளும். உங்கள் விளையாட்டுக்கு ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனவே 11 ஓவியர்களின் கோப்புகளையும் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி என்று 240 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயார் செய்யுங்கள். யார் வரைந்தார், எந்தத் தேதியில், எந்த நாட்டிலிருந்து, எந்த ஆவணத்தின் கீழ், அந்த ஆவணத்தின் சரியான வாசகம் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எந்த வழக்கறிஞராலும் உங்களுக்கு நம்பகமான விடை தர முடியாது. "உரிமை முழுவதையும், இன்று உள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களுக்கும், உலகம் முழுவதற்கும்" என்பது போன்ற வாசகம் இருக்கும் படங்கள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. "அட்டைகளாக அச்சிட்டு விற்க" என்று மட்டும் இருக்கும் படங்கள் செயலிக்குப் பயன்படா. மின்னஞ்சலில் தொகையும் கெடுவும் மட்டுமே பேசப்பட்டிருந்தால், அச்சிடுவதற்கான அனுமதி இருப்பதாக ஊகிக்க முடியும். செயலிக்கான அனுமதியை அதிலிருந்து ஊகிப்பது துணிச்சலான காரியம்.

"அட்டைதானே, திரையில் தெரிந்தால் மட்டும் வேறு பொருளாகிவிடுமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சட்டம் இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறது. நூல் வடிவில் அச்சிட்டு விற்கும் உரிமையைப் பெற்றிருந்த ஒரு பெரிய பதிப்பகம், அந்த உரிமைக்குள் மின்னூலும் அடங்கும் என்று வாதிட்டபோது, நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2001 இல் இடைக்காலத் தடை தர மறுத்தது. மேல்முறையீட்டிலும் அந்த முடிவு நின்றது. மாறாக, ஓர் இசைக்கோவையைத் திரைப்படத்தில் பயன்படுத்த விரிந்த சொற்களில் தரப்பட்ட உரிமம், பிற்காலத்தில் வந்த வீடியோ நாடாவையும் உள்ளடக்கும் என்று 1998 இல் அதே பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. இரண்டு வழக்குகளிலும் முடிவைத் தீர்மானித்தது ஒப்பந்தத்தின் சொற்களே. அதனால்தான் வாசகத்தை அப்படியே எழுதி வைக்கச் சொல்கிறேன். நினைவிலிருந்து சுருக்கி எழுதினால் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செயலியில் படம் அசையாமல் இருக்கப்போவதில்லை. உங்கள் வரைவின் இணைப்பில், பாத்திரங்கள் அட்டையிலிருந்து எழுந்து தாக்கும் காட்சிகள் உண்டு என்று அந்த நிறுவனம் எழுதியிருக்கிறது. படத்தைப் படலம் படலமாகப் பிரித்து, மறைந்த கையையும் காலையும் புதிதாக வரைந்து அசைப்பது தழுவல்; அதற்குத் தனி அனுமதி வேண்டும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையின் 6bis பிரிவு, உரிமையை விற்ற பிறகும் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லவும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் கலைஞருக்கு இடம் தருகிறது. அச்சிட்ட அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் ஓவியரின் பெயர் இருக்கும் வழக்கத்தைச் செயலியிலும் கட்டாயமாகத் தொடருங்கள். இதில் சட்டத் தேவை ஒரு பக்கம் இருக்க, அவர்களின் உழைப்பில்தான் உங்கள் விளையாட்டு நின்றது என்பதும் உண்மை.

விலகிய நண்பரைப் பொறுத்தவரை, அவர் வாய்மொழியாக விலகினாரா, எழுதிக் கொடுத்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை. விதிப்புத்தகமும் கதைவரிகளும் இருவரும் சேர்ந்து எழுதியவை என்றால் அவர் கூட்டுப் படைப்பாளர். தொழிலிலிருந்து விலகியதால் அந்த உரிமை போய்விடாது. அமெரிக்காவில் கூட்டுப் படைப்பாளர் ஒருவர் தனித்துவமற்ற உரிமத்தை (அதாவது, வேறு பலருக்கும் தரக்கூடிய உரிமத்தை) மற்றவரைக் கேட்காமல் தரலாம், வருமானத்தில் பங்கு கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் எல்லோருடைய இசைவும் தேவை. உங்களிடம் கேட்கப்படுவதோ தனித்துவமான உரிமம், அதாவது அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. ஆகையால் இரண்டு இடங்களிலும் அவர் கையொப்பம் வேண்டியிருக்கிறது. நியாயமான ஒரு பங்கைச் சொல்லி இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்; செயலி வெற்றி பெற்ற பின் கேட்டால் தொகை வேறாக இருக்கும்.

பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்திருந்தால், எந்த வகுப்பில் என்று பாருங்கள். அட்டை விளையாட்டு 28 ஆவது வகுப்பில் வரும்; தரவிறக்கும் செயலி 9 ஆவது வகுப்பு, இணையவழி விளையாட்டுச் சேவை 41 ஆவது வகுப்பு. பின்னிரண்டுக்கும் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். செயலி நிறுவனம் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள வரைவில் வழி விட்டிருக்கிறார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பூஸ்டர் பேக் குறித்து வரைவில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, எனக்கு அது கவலை தருகிறது. எந்த அட்டை வரும் என்று தெரியாத மூடிய உறையை அச்சில் நீங்கள் ஏழு ஆண்டுகளாக விற்றிருக்கலாம். திரையில் அதுவே லூட் பாக்ஸ் என்ற பெயரில் பல நாடுகளின் கண்காணிப்புக்கு உள்ளாகிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 இல் பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களை உரிமம் பெறாத சூதாட்டம் என்று கருதியது. நெதர்லாந்தில் இதே காரணத்துக்காக ஒரு கால்பந்து விளையாட்டின் மீது விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022 இல் ரத்து செய்தது. சீனா 2017 முதலும் தென் கொரியா 2024 முதலும் கிடைக்கும் வாய்ப்பின் விகிதத்தை வெளியிடச் சொல்கின்றன. குறிப்பிட்ட சில அட்டைகளைச் சேர்த்து முடித்தால் மட்டுமே பெரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012 இலேயே தடுத்துவிட்டது. ஆப்பிளின் செயலி அங்காடியும் 2017 இறுதியிலிருந்து விகிதத்தை வாங்குவதற்கு முன்பே காட்டச் சொல்கிறது. 2025 ஜனவரியில் 'கென்ஷின் இம்பேக்ட்' விளையாட்டின் நிறுவனம் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டதோடு, 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவின்றி லூட் பாக்ஸ் விற்பதில்லை என்றும் ஏற்றது. உங்கள் செயலியில் ஆட்டக்காரர்கள் அட்டைகளைத் தங்களுக்குள் பணத்துக்கு மாற்றிக்கொள்ளும் சந்தையும் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதிர்ஷ்டத்தால் கிடைத்த பொருளைப் பணமாக்க முடியும் என்றால், சூதாட்டம் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது மிகக் கடினம். சந்தையைக் கைவிடச் சொல்வதே என் கருத்து. விற்பனை முறையை வடிவமைப்பது அவர்கள் என்பதால், அதனால் வரும் அபராதமும் அவர்களைச் சேரும் என்று எழுதி வாங்குங்கள்.

உரிமத்தின் காலத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் வையுங்கள். செயலி குறித்த கெடுவுக்குள் வெளியாகாவிட்டாலோ, வழங்கியை (சர்வரை) தொடர்ந்து இயக்காமல் நிறுத்தினாலோ உரிமை உங்களிடமே திரும்ப வேண்டும். "எல்லா டிஜிட்டல் உரிமைகளும்" என்ற சொற்றொடருக்குப் பதிலாக "கைபேசி விளையாட்டுச் செயலி" என்று குறுக்குங்கள். படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாகச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் அந்த அனுமதியை உங்கள் ஓவியர்கள் உங்களுக்கே தரவில்லை.

உறுதிமொழிப் பிரிவை இவ்வாறு மாற்றக் கேளுங்கள்: ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும் பட்டியலில் உள்ள படங்களுக்கு மட்டுமே நீங்கள் உறுதி அளிக்கிறீர்கள், உங்கள் பொறுப்பு நீங்கள் பெறும் தொகையைத் தாண்டாது, பட்டியலில் இல்லாத படத்தை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. எழுத்து அனுமதி வரவர அந்தப் பட்டியல் நீளும். நேர்மையான நிறுவனம் இதற்கு மறுக்காது, ஏனெனில் வழக்கு வந்தால் செயலி அங்காடியிலிருந்து நீக்கப்படுவது அவர்களுடைய செயலிதான்.

மறுத்த ஓவியருக்கு இந்த வாரமே நீங்களே எழுதுங்கள். வழக்கறிஞர் கடிதம் வேண்டாம். அவருடைய எத்தனை படங்கள், எந்த அசைவுகளுடன், எந்தப் பெயர்க் குறிப்புடன், செயலி வருவாயில் எவ்வளவு பங்குக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அது அவருடைய உரிமை. அந்த அட்டைகளின் விதி உங்களிடமே இருக்கிறது. அவர் படத்தைச் சாயலிலும் பின்பற்றாத புதிய ஓவியத்தை வேறொருவரிடம், இம்முறை முழு வாசகத்தோடு கூடிய எழுத்து ஒப்பந்தத்தின் கீழ், வரையச் சொல்லுங்கள்.