பதில்: கர்ப்பம் தெரியாமல் எடுத்த வயிற்று சிடி ஸ்கேன்

சகோதரி, கர்ப்பம் தெரியாமல் சிடி எடுத்துவிட்டேன், கலைக்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாவது வாரத்தில் சிறுநீரகக் கல் வலிக்காக வயிற்றுக்கும் இடுப்புக்கும் ஒருமுறை சிடி எடுத்ததற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. அப்படி எடுக்கும்போது கருவுக்குப் போகும் கதிர்வீச்சு பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிகிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). உறுப்புக் குறைபாடு வர 100-க்கு மேல் போகவேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே என்றால் 0.01 கூட இராது.

ஆனால் ஊகத்தில் விடாதீர்கள். ஸ்கேன் மையத்தில் 'டோஸ் ரிப்போர்ட்', அதாவது கதிர்வீச்சு அளவு அறிக்கை, கேளுங்கள். படங்களோடு கடைசிப் பக்கமாகச் சேமித்திருப்பார்கள். அதிலுள்ள டிஎல்பி எண் (ஸ்கேன் எடுத்த நீளம் முழுவதற்குமான கதிர்வீச்சுக் கணக்கு) கருவுக்குப் போன கதிர்வீச்சின் அளவு அல்ல, அதைப் பார்த்து மிரளவேண்டாம். கதிரியக்கத் துறையின் மருத்துவ இயற்பியலாளர் அதிலிருந்து கருவுக்குப் போன அளவைக் கணக்கிடுவார். சாயம் ஏற்றி இரண்டு மூன்று கட்டமாக எடுத்திருந்தால் அளவு அத்தனை மடங்காகும். அதுதான் முக்கியமாகக் கேட்கவேண்டியது.

உங்கள் ஐந்து வாரம் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணியது. கருவின் வயது மூன்று வாரம்தான். மூளைக்கு அதிக ஆபத்தான காலம் கருவுக்கு 8 முதல் 15 வாரம். பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடலாம், அதை மறைப்பதற்கில்லை. இனி வலி வந்தால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள், அதில் கதிர்வீச்சே இல்லை.