பார்த்தும் ஏன் தெரியவில்லை?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தினமும் ஸ்கூட்டியில் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறேன். போன கிழமை ஆரையம்பதியில் ஒரு ஒழுங்கையிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பிரதான வீதிக்கு ஏறினேன். வலப்பக்கமாக வந்த சைக்கிள் தெரியவே இல்லை, மயிரிழையில் தப்பினோம். கண் டொக்டர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிப் பார்த்து, குறை இல்லை என்கிறார். அப்படியென்றால் ஏன்?"

நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இது நடக்கிறது. அதனால்தான் இதை லேசாக எடுக்கக் கூடாது என்கிறேன்.

கையை நீட்டினால் பெருவிரல் நகம் மறைக்கும் அளவு இடம்தான் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் கண் செக்கனுக்கு மூன்று தடவை அளவில் இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவும் நேரத்துக் காட்சியை மூளை அமுக்கிவிடும். தலையை விசுக்கென்று திருப்பினால், இரண்டு தாவல்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் காணாமலே போகலாம்.

கண்ணை எங்கே திருப்புவது என்பதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 2003 இல் டிரின் மோர், கேத்தரின் ஆம்ஸ்ட்ராங் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் குரங்குகளில் அந்த இடத்தை, கண் அசையாத அளவு மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். கண் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் தூண்டல் பலமாக இருந்தால் கண் எந்தத் திசைக்குத் திரும்பியிருக்குமோ, அந்தத் திசையைப் பார்க்கும் நரம்பணுக்கள் அங்கிருந்த காட்சிக்குக் கூடுதல் பலத்தோடு வேலை செய்தன! கண்ணைத் திருப்பும் ஏற்பாடே கவனத்தையும் திருப்புகிறது. நீங்கள் பஸ்ஸையும் வானையும் எதிர்பார்த்து நின்றால் அந்தப் பலம் அவற்றுக்கே போகும், ஒல்லியான சைக்கிளுக்கு மிஞ்சாது.

அசைவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குறுக்கே பாயும் மாடு கவனத்தைத் தானாகவே இழுத்துவிடும். சீரான வேகத்தில் உங்களோடு மோதும் பாதையில் வருவதோ, உங்கள் பார்வையில் ஒரே திசையிலேயே நிற்கும். கிட்ட வந்த பிறகுதான் திடீரென்று பெரிதாகத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? முழுதாக நிறுத்துங்கள். வலப்பக்கம் தூரத்தில் ஓரிடம், கிட்ட ஓரிடம் என்று கண்ணை ஊன்றிப் பாருங்கள். "சைக்கிள் வருதா?" என்று மனதுக்குள் கேளுங்கள், தேடும் பொருளுக்கு மூளை முதலிடம் கொடுக்கும். இடப்பக்கம் பார்த்த பிறகு மறுபடியும் வலப்பக்கம் பாருங்கள். போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதையும் விடுங்கள், கை ஓய்வாக இருந்தாலும் கவனம் பேச்சிலேதான் இருக்கும்.

ஒரே பக்கத்திலேயே அடிக்கடி தவறுகிறதா, கதவு நிலையில் தோள் இடிபடுகிறதா? அப்படியானால் போதனா வைத்தியசாலைக் கண் பிரிவில் பார்வைப்புலச் சோதனை கேளுங்கள், கண்ணை ஓரிடத்தில் வைத்திருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை அது. எழுத்துப் பலகையில் அந்தக் குறை பிடிபடாமல் போகலாம்.