சப்வூஃபரும் ஓம் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பவை இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்கள்). இரண்டிலுமே இரட்டைக் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு), காயிலுக்கு 4 ஓம். மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபையர் 4 ஓமில் 500 வாட், 2 ஓமில் 800 வாட் தரும்; 1 ஓம் தாங்காது. 2 ஓம் வருகிற மாதிரி ஒயரிங் சொல்லுங்கள்.

பதில்: நான்கு காயிலுக்கும் பவர் சமமாகப் போகவேண்டுமென்றால் 2 ஓம் வரவே வராது. எல்லாம் பேரலல் (பிளஸ்கள் ஒன்றாக, மைனஸ்கள் ஒன்றாக) என்றால் 1, எல்லாம் சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக) என்றால் 16. நடுவில் கிடைப்பது 4 மட்டும்தான். ஒவ்வொரு சப்வூஃபரிலும் முதல் காயிலின் மைனஸை இரண்டாவது காயிலின் பிளஸ்ஸோடு சேருங்கள். மிஞ்சிய இரு முனைகளுக்கு இடையே 8 ஓம் இருக்கும். இந்த இரண்டு எட்டையும் ஆம்ப்ளிஃபையரில் பேரலலாகக் கொடுத்தால் 4.

சப்வூஃபருக்கு ஒரு காயிலைச் சும்மா விட்டுவிட்டு 2 ஓம் எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு சரி, காரியம் தப்பு. தாங்கும் வாட் பாதியாகிவிடும், கூம்பின் மேல் உள்ள பிடியும் தளரும். இத்தனைக்கும் 500க்கும் 800க்கும் வித்தியாசம் வெறும் 2 டெசிபல். ஒரே சப்வூஃபரை, அதன் இரு காயிலையும் பேரலலாக்கி, 2 ஓமில் 800 வாட் கொடுத்து ஓட்டுவதைவிட, இரண்டையும் சேர்த்து 500 வாட்டில் ஓட்டினால் சுமார் 1 டெசிபல் கூடவே கேட்கும். கூம்பின் பரப்பு இரட்டிப்பதில் 3 டெசிபல் கிடைத்துவிடுகிறது. 2 ஓம்தான் வேண்டும் என்றால் காயிலுக்கு 2 ஓம் உள்ள ஜோடியை வாங்கி இதே ஒயரிங்கைச் செய்யுங்கள்.

கேள்வி: 4 ஓம் காயில் மல்டிமீட்டரில் 3.4 காட்டுகிறது. போய்விட்டதா?

பதில்: நன்றாகவே இருக்கிறது. மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ் (நேர்மின்சாரத்துக்கான தடை). அது எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒயரிங் முடித்து, ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் முன் இன்னொரு முறை அளந்து பாருங்கள். 4 ஓம் எதிர்பார்த்த இடத்தில் 0.9 காட்டினால் எல்லாமே பேரலலாகியிருக்கிறது.

கேள்வி: இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையரில் ‘2 ஓம் தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. இரட்டை 4 ஓம் காயிலைப் பேரலல் செய்து பிரிட்ஜில் (இரு சேனலையும் ஒன்றாக்கி) மாட்டினேன். வால்யூம் கூட்டினால் புரொடெக்ட் (பாதுகாப்பு எச்சரிக்கை) விளக்கு எரிகிறது.

பதில்: ஆம்ப்ளிஃபையரில் போட்டிருக்கும் அந்த 2 ஓம் ஒரு சேனலுக்குச் சொன்னது. பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் மாட்டிய ஓமில் பாதியைத்தான் பார்க்கும்; உங்கள் பேரலல் காயில்கள் 2 ஓம், அதில் பாதி 1 ஓம். பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம் வேண்டும். காயில்களைச் சீரிஸாக்கி 8 ஓமில் ஓட்டுங்கள்; 4 ஓமுக்குச் சொன்ன வாட்டில் பாதிதான் வரும், ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும்.

சீரிஸ் போடும்போது பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்துவிட்டால் காயில்கள் ஒன்றையொன்று எதிர்க்கும். கூம்பு அசையாது, காயில் மட்டும் சுடும். மீட்டரில் இது தெரியாது. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு வெளியே வரவேண்டும்.