ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 20. இரண்டு வருடமாக பேஸ் கிட்டார் பழகுகிறேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்துதான் வாசிப்பேன். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவோடு நின்று வாசிக்கச் சொன்னார்கள். வீட்டில் தண்ணீர் பட்ட பாடாக இருந்த பாட்டெல்லாம் நின்றதும் கையை விட்டுப் போய்விட்டது. விரல் தப்புத் தப்பான ஃப்ரெட்டில் விழுந்தது. இடது மணிக்கட்டு வேறு ஒரே வலி. ‘உட்கார்ந்து வாசிப்பவன் எல்லாம் பேஸிஸ்ட்டே இல்லை’ என்கிறார்கள் நண்பர்கள். ‘உட்கார்ந்தே பழகு, அப்போதுதான் கை சுத்தமாகும்’ என்கிறார் மாஸ்டர். யார் சொல்வது சரி? நின்று வாசிக்க ஸ்ட்ராப்பை எவ்வளவு இறக்க வேண்டும்?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, அன்று உங்களுக்குப் பாட்டு மறக்கவில்லை. பயமும் பெரிய காரணமாக இருந்திருக்காது. பேஸ் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கும்போது அது உங்கள் வலது தொடையில், வயிற்றை ஒட்டி இருக்கிறது. எழுந்து நின்றால், ஸ்ட்ராப் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பெரும்பாலான பேஸ்கள் இடப்பக்கமாகவும் கொஞ்சம் நகரும். ஒரு சாண் இறங்கி நாலு விரற்கடை நகர்ந்தாலே போதும், முதல் ஃப்ரெட், அதாவது பேஸின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் முதலாவது, உங்கள் தோளிலிருந்து வேறு தூரத்துக்குப் போய்விடும். இரண்டு வருடமாக உங்கள் கை மனப்பாடம் செய்து வைத்திருப்பது அந்தத் தூரத்தைத்தான். உப்பு டப்பாவை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அம்மாவின் கை பழைய இடத்துக்கே போகும் இல்லையா, அதே கதை.

பேஸில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், அதன் அளவு பெரிது. வழக்கமான பேஸில் கழுத்து நுனியில் இருக்கும் நட்டிலிருந்து உடலில் இருக்கும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் மட்டும் சுமார் 13 சென்டிமீட்டர் இருக்கிறது. சாதாரண கிட்டாரில் இதே இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் கிட்டார் வாசிப்பவர் எப்படி நின்றாலும் ஓரளவு சமாளித்துக்கொள்வார். நமக்கு மணிக்கட்டு கொஞ்சம் கோணினாலே சுண்டுவிரல் எட்டாது. எட்டாத விரலை எட்ட வைக்க மணிக்கட்டை இன்னும் மடக்குவோம். உங்கள் வலி அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

நண்பர்கள் சொல்வதை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் கேரல் கே. அவருடைய பழைய படங்களைப் பாருங்கள், மடியில் பேஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டெட்ராய்டில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டியதை இன்றும் உலகம் முழுக்க உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதை வாசித்ததும் பெரும்பாலும் உட்கார்ந்துதான். நோட்ஸைப் பார்த்து மணிக்கணக்கில் வாசிக்க வேண்டிய இடத்தில் நாற்காலிதான் முறை. நம் ஊரிலேயே பாருங்கள். சாமி புறப்பாட்டில் தவில்காரர் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்கிறார். அதே ஆள் கச்சேரி மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறார். இரண்டில் எது உண்மையான வாசிப்பு என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் கையைப் பழக்கி வைத்திருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

உங்கள் மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஒன்றைப் பழகும்போது எடையைத் தொடை தாங்கிக்கொண்டால் விரலில் முழுக் கவனம் வைக்கலாம். ஆனால் உட்காருவதிலும் தப்பாக உட்காருவது உண்டு. உங்கள் கடிதத்தில் ‘கட்டில்’ என்று படித்ததுமே எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. மெத்தை அமுங்கும்போது இடுப்பு கீழே போய் முட்டி மேலே வந்துவிடும், முதுகு வளைந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலி இன்னொரு தொல்லை. அதன் கைப்பிடியில் பேஸின் அடிப்பகுதி இடிக்கும், அதற்குப் பயந்து நுனியில் திரும்பி உட்காருவோம், அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கைப்பிடி இல்லாத மர நாற்காலியோ ஸ்டூலோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், தொடை தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. வழக்கம்போல ஸ்ட்ராப் இல்லாமல் உட்கார்ந்து வாசியுங்கள். பாதிப் பாட்டில் இடது கையை மட்டும் சட்டென்று எடுத்துவிடுங்கள். நெக், அதாவது பேஸின் கழுத்து, தரையைப் பார்த்துச் சாய்கிறதா? சாய்ந்தால் இத்தனை நாளும் உங்கள் இடது கை இரண்டு வேலை பார்த்திருக்கிறது, கம்பியை அழுத்துவது ஒன்று, நெக்கைத் தாங்குவது ஒன்று. தாங்கிக்கொண்டிருக்கிற கையால் சுலபமாக நகர முடியாது. கட்டைவிரல் நெக்கின் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கைவிரல்கள் விறைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஃப்ரெட்டைப் பார்க்க வசதியாக பேஸின் முகத்தை மேலே, நம் முகத்தை நோக்கிச் சாய்த்துக்கொள்வோம். கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது இது. கம்பியெல்லாம் நன்றாகத் தெரியும், ஆனால் இடது மணிக்கட்டு அதே அளவுக்கு உள்ளே மடங்கும். நின்றால் இந்தச் சாய்வு கிடைக்காது. மேலிருந்து பார்த்தால் நெக்கின் விளிம்புதான் தெரியும். நீங்கள் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த விளிம்பில் 3, 5, 7, 9, 12 ஃப்ரெட்டுகளுக்கு நேராகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். வாசிப்பவரின் கண்ணுக்கு என்றே வைத்தவை அவை. உட்கார்ந்திருக்கும்போதும் அவற்றை மட்டும் பார்த்து வாசிக்கப் பழகுங்கள்.

வலது காலால் தாளம் போடுகிறவரா நீங்கள்? பேஸ் அதே தொடையில் இருப்பதால் ஒவ்வொரு தட்டுக்கும் அதுவும் குலுங்கும். தாளத்தை இடது காலுக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, நிற்பதற்கு வருவோம். இதில் நான் பட்டது ஒன்று உண்டு. 22 வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். கோயில் கொடை ஒன்றில் இரவு 10 மணிக்கு ஆரம்பித்த கச்சேரி 2 மணிக்குத்தான் முடிந்தது. என் பேஸ் நாலரை கிலோ. ஸ்ட்ராப் இரண்டு விரல் அகல நைலான். நாலு மணி நேரமும் நின்றே வாசித்தேன். மறுநாள் காலையில் தலைவார இடது கையைத் தூக்க முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒரு வாரம் மரத்துப்போனது போலவே இருந்தன. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். பேஸை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னார். வழுக்குகிற ஸ்ட்ராப் நழுவிவிடாமல் இருக்க என் இடது தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

அதனால் முதல் செலவு ஸ்ட்ராப்புக்கு. மூன்று அங்குல அகலமாவது இருக்கட்டும். அடிப்பக்கம் சொரசொரப்பான தோலாக இருந்தால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நழுவாது, நெக் சாய்வதும் பெருமளவு நிற்கும். அப்படியும் சாய்ந்தால் பேஸின் வடிவத்தில் பிரச்சினை. ஸ்ட்ராப் மாட்டும் மேல் பொத்தான் 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக வரும்படி உடலின் மேல்கொம்பு நீண்டிருக்கும் பேஸ் பொதுவாகச் சமநிலையில் தொங்கும். கொம்பு குட்டையாக இருந்தால் தலைகனம்தான். அடுத்த முறை பேஸ் வாங்கும்போது கடையிலேயே ஸ்ட்ராப் மாட்டி நின்று, இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள்.

எவ்வளவு இறக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களில் வாசித்த பீட்டர் ஹுக்கின் பேஸ் ஏறக்குறைய முட்டி வரை தொங்கும். லெவல் 42 குழுவின் மார்க் கிங் நெஞ்சுக்கு நெருக்கமாக ஏற்றிக் கட்டிக்கொண்டு கட்டைவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் அடிப்பார். இரண்டு பேரும் பெரிய வாசிப்பாளர்கள். அவர்களுடைய உயரம் அவர்கள் வாசிக்கும் விதத்தோடு சேர்ந்து வளர்ந்தது, அதை மட்டும் தனியாக எடுத்து நாம் மாட்டிக்கொள்ள முடியாது. பேஸ் கீழே போகப் போக இடது மணிக்கட்டு மடங்கும். மேலே ஏற ஏற வலது மணிக்கட்டு மடங்கும், ஏனென்றால் முன்கை பேஸின் மேல்விளிம்பைத் தாண்டி வளைந்து கம்பிக்கு இறங்க வேண்டியிருக்கும். இரண்டு மணிக்கட்டும் கிட்டத்தட்ட நேராக இருக்கிற இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தொப்புளை ஒட்டிய உயரம், அதாவது உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் இருக்கிற அதே உயரம்தான்.

அந்த இடத்தை இப்படிப் பிடியுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்ட்ராப்போடு பேஸை மாட்டிக்கொள்ளுங்கள். நெக்கின் நுனியில் இருக்கும் ஹெட் உங்கள் இடது தோள் உயரத்துக்கு வரும்வரை நெக்கைச் சாய்வாக உயர்த்துங்கள். நெக் படுக்கையாக இருப்பதைவிட இப்படி ஏறியிருந்தால் இடது மணிக்கட்டு தானாக நேராகும். இப்போது தொய்ந்து கிடக்கிற ஸ்ட்ராப்பை, தோளில் எடை லேசாகத் தெரியும் வரை சுருக்குங்கள். அப்புறம் மெதுவாக எழுந்திருங்கள். பேஸ் தொடையைவிட்டுக் கிளம்பும்போது கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மறுபடி உட்கார்ந்து இன்னும் ஒரு ஓட்டை சுருக்குங்கள். மூன்று நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் சரியான நீளம் கிடைத்துவிடும். முதலில் பார்க்க ரொம்ப மேலே இருப்பது போலத் தோன்றும். நண்பர்களும் ஏதாவது சொல்வார்கள். ஒரு மாதம் பொறுங்கள்.

இனிமேல் வீட்டில் உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் தோளில் இருக்கட்டும். நான் சொல்வதில் இதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம். புதுப் பாட்டை உட்கார்ந்து பழகுங்கள். விரலுக்கு வந்ததும், அதே இடத்தில், அதே வேகத்தில் நின்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அந்த இரண்டு பார் (தாளச் சுற்று) மட்டும் நின்றபடி மெதுவாகத் திரும்பத் திரும்ப. ஆரம்பத்தில் நிற்பது பத்து நிமிடம் போதும். ஆராதனை நெருங்கும் வாரங்களில் மொத்தப் பட்டியலையும் நின்றே வாசியுங்கள், அன்று போடப்போகிற செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்கேல் வாசிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரல் எட்டாத இடங்களில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். முதல் நாலைந்து ஃப்ரெட்டுக்குள் ஆள்காட்டி, நடு, சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக விட்டு வாசிப்பது டபுள் பேஸ்காரர்களின் பழைய முறை. கையை இழுக்காமல் நகர்த்தப் பழக்கிவிடும். மாஸ்டரிடம் கேளுங்கள், காட்டித் தருவார்.

மணிக்கட்டு வலியை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். உயரத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனாலோ, ராத்திரி வலியில் விழிப்பு வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். போகும்போது எப்படி வாசிக்கிறீர்கள் என்று போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.

ஆராதனை நாளுக்கும் ஒரு வார்த்தை. பிரசங்க நேரம் முழுக்க பேஸைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஒரு ஸ்டாண்டு வாங்கி அதில் வைத்துவிட்டு உட்காருங்கள். நீண்ட நிகழ்ச்சி என்றால் நாலு பாட்டு நின்று, இரண்டு பாட்டு உட்கார்ந்து வாசிக்கலாமா என்று பாடகர் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஸ்ட்ராப் சரியாக இருந்தால் எதற்கு மாறினாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம், சரியான நீளம் கிடைத்த அன்றே ஸ்ட்ராப்பின் கொக்கி நிற்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒத்திகையில் யாராவது உங்கள் பேஸை வாங்கி இறக்கி மாட்டிக்கொண்டாலும், திரும்பி வந்ததும் அந்தக் கோட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.