நியூ ஜெர்சியில் வாக்களிக்க: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். 2026 நவம்பர் 3 அன்று நடக்கும் தேர்தலில் வாக்களிக்க எப்போது, எங்கே பதிவு செய்ய வேண்டும்? – ஒரு வாசகர், எடிசன்

பதில்: நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாட்களுக்கு முன்பே பதிவை முடித்துவிட வேண்டும். நீங்கள் குறிப்பிடும் தேர்தலுக்கு அந்தக் கெடு அக்டோபர் 13. மாநில அரசின் தேர்தல் இணையதளத்தில் 2020 முதல் இணையவழியிலேயே பதிவு செய்ய முடிகிறது. தாளில் எழுதித் தர விரும்புவோர் விண்ணப்பத்தை நிரப்பித் தங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பதிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது கெடுவில் அன்று, பெயரிலும் கையெழுத்திலும்தான். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டுமே வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தில் ஒரு விதமாகவும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு விதமாகவும், குடியுரிமைச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருப்பது அரிதன்று. விண்ணப்பத்தில் தரும் உரிம எண்ணோடு அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு பெயர் பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார்கள். பொருந்தவில்லை என்றால், முதன்முறை வாக்களிக்கும்போது அடையாளச் சான்று காட்டும்படி கேட்பார்கள். ஆகவே எந்த அட்டையின் எண்ணைத் தருகிறீர்களோ, அந்த அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். கையெழுத்தும் அப்படியே. பதிவின்போது தமிழில் கையெழுத்திட்டிருந்தால் பின்னாளில் தபால் வாக்குச்சீட்டிலும் தமிழில்தான் இட வேண்டும், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர்களிடம் இருப்பது அந்தப் பதிவுக் கையெழுத்துதான்.

கேள்வி: என் மனைவி கிரீன் கார்டில் இருக்கிறார். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்வது பற்றிக் கேட்டார்களாம். சம்மதித்தால் என்ன தவறு? – ஒரு வாசகர், ஜெர்சி சிட்டி

பதில்: தவறுதான், அதுவும் எளிதில் திருத்த முடியாத தவறு. மோட்டார் வாகன அலுவலகத்துக்கு வருகிறவர்களை அங்கேயே வாக்காளராகப் பதிவு செய்யும் முறை நியூ ஜெர்சியில் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடிமக்களுக்கு இது வசதி. கிரீன் கார்டு வைத்திருப்போரும் எச்–1பி விசாவில் இருப்போரும் ‘நான் குடிமகன் அல்லன், பதிவு வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கூட்ட நெரிசலில், அவசரத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இங்கே அந்தப் பழக்கம் ஆகாது.

குடிமகன் அல்லாத ஒருவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். அவரை நாட்டை விட்டு வெளியேற்றவும் அது காரணமாகலாம். வாக்களிக்காமல் பதிவு மட்டும் செய்திருந்தாலும், குடியுரிமைக்கான என்–400 விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வி காத்திருக்கிறது. தவறிப் பதிவாகிவிட்டதாகத் தெரியவந்தால், கவுண்டி அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்திக்கொண்டு, என்–400 விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முன்பு ஒருமுறை தபால் வாக்குச்சீட்டு கேட்டிருந்தேன். பிறகு மனம் மாறித் தேர்தலன்று வாக்குச்சாவடிக்கே போனபோது இயந்திரத்தில் வாக்களிக்க விடாமல், ஏதோ ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். என் வாக்கு செல்லுமா, செல்லாதா? – ஒரு வாசகி, பிளெயின்ஸ்பரோ

பதில்: இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். நியூ ஜெர்சியில் காரணம் எதுவும் சொல்லாமலே தபால் வாக்குச்சீட்டு கேட்கலாம். ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால், தேர்தலன்று இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது. உங்களுக்குத் தந்தது நிபந்தனை வாக்குச்சீட்டு. அதைத் தனி உறையிலிட்டு வைத்திருந்து, உங்கள் தபால் வாக்கு வந்துசேரவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே எண்ணுவார்கள். தபாலில் அனுப்பாமல் இருந்து, மற்ற விவரங்களும் சரியாக இருந்தால், உங்கள் வாக்கு செல்லும்.

இன்னொன்றும் உண்டு. எழுதிக் கொடுத்து விலகாதவரை, ஒருமுறை கேட்டவருக்கு அடுத்தடுத்த தேர்தல்களுக்கும் தபால் வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். நேரில் வாக்களிப்பதையே விரும்புகிறீர்கள் என்றால், விலகுவதற்கான படிவத்தைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள்.

வேலை நாளில் நேரமில்லை என்பதற்காகத்தான் தபாலை நாடினீர்கள் என்றால், அதைவிட எளிய வழி இருக்கிறது. 2021–இல் இயற்றிய சட்டப்படி, நவம்பர் தேர்தலுக்கு முன் 9 நாட்கள் நேரிலேயே முன்கூட்டி வாக்களிக்கலாம். 2026–இல் அது அக்டோபர் 24 முதல் நவம்பர் 1 வரை. திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8 மணி வரை, ஞாயிறன்று மாலை 6 மணி வரை. முன்பதிவு வேண்டியதில்லை. தேர்தல் நாளைப் போல உங்களுக்கென்று குறித்த சாவடிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் கவுண்டியில் உள்ள எந்த முன்வாக்குப்பதிவு மையத்துக்கும் போகலாம். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு கிடைக்கும்போது, நல்ல உடல்நிலையில் ஊரிலேயே இருப்பவர் தபாலை நம்ப வேண்டிய தேவை என்ன என்பதே என் எண்ணம்.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது, அமெரிக்கக் குடிமகள், பதிவான வாக்காளர். அக்டோபர் முதல் வாரம் கோயம்புத்தூர் போய்த் தீபாவளி முடிந்துதான் திரும்புவார். அங்கிருந்து வாக்களிக்க வழி உண்டா? – ஒரு வாசகி, பிஸ்காட்டவே

பதில்: உண்டு. ஆனால் அதைவிட நல்ல வழி, புறப்படுவதற்கு முன்பே இங்கேயே வாக்களித்துவிடுவது. தபால் வாக்குச்சீட்டுகளைத் தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன், அதாவது செப்டம்பர் 19 வாக்கில் அனுப்பத் தொடங்குவார்கள். ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிட்டால், பெட்டி கட்டும் வேளைக்குள் சீட்டு கைக்கு வந்துவிடக்கூடும்.

வந்ததும் உறையை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இன்னொரு உறை இருக்கும். அதன் மூடியோடு ஒட்டியபடி ஒரு சான்றுத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும். சீட்டில் வாக்கைக் குறித்து, அதை உள்ளுறையில் இட்டு ஒட்டி, சான்றுத்தாளில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டு, அதைக் கிழிக்காமல் அப்படியே வெளியுறைக்குள் வைக்க வேண்டும். ரசீதைக் கிழிப்பது போல அந்தத் தாளைத் தனியே கிழித்துவிட்டால் வாக்கு நிராகரிக்கப்படலாம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லித் தேர்தல் வாரியம் கடிதம் அனுப்பும். தாயார் கோயம்புத்தூரில் இருக்கும் நாட்களில் அவருக்கு வரும் தபாலை நீங்கள் பார்த்து வாருங்கள். உறையைக் கவுண்டியில் ஆங்காங்கே வைத்துள்ள வாக்குச்சீட்டுப் பெட்டியில் போடுவதே நல்லது. கண்காணிப்புக் கேமரா உள்ள பெட்டிகள் அவை; தேர்தலன்று இரவு 8 மணி வரை போடலாம். சாதாரண அஞ்சல் பெட்டியில் போட்ட நாளிலேயே முத்திரையும் விழும் என்று சொல்வதற்கில்லை.

புறப்படுவதற்குள் சீட்டு வராவிட்டால், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கான கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பலாம். 1986–ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. வெற்றுச் சீட்டை மின்னஞ்சலிலேயே பெற்றுக்கொள்ளலாம். வாக்கைக் குறித்த சீட்டை மின்னஞ்சலில் திருப்பி அனுப்பினாலும், அசல் தாளையும் அஞ்சலில் அனுப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வாக்குச்சாவடியில் நான் கூட நிற்கலாமா? – ஒரு வாசகர், பர்சிப்பனி

பதில்: தாராளமாக நிற்கலாம். 55 வயது நிறைந்து, கிரீன் கார்டு பெற்று 15 ஆண்டுகள் ஆனவர்கள் குடியுரிமைத் தேர்வில் தாய்மொழியிலேயே பதில் சொல்லக்கூடிய நாடு இது. அப்படி வந்த பெரியவர்களுக்கு நியூ ஜெர்சியில் தமிழ் வாக்குச்சீட்டுதான் இல்லை. படிக்க இயலாதவர் தமக்கு விருப்பமான ஒருவரின் துணையோடு வாக்களிக்கலாம் என்று கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் சொல்கிறது. துணைக்கு வருபவர் அவருடைய முதலாளியாகவோ, முதலாளியின் அல்லது தொழிற்சங்கத்தின் முகவராகவோ இருக்கக் கூடாது. மகனுக்குத் தடை இல்லை. பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். யாருக்குப் போடுவது என்பதை அப்பா சொல்லட்டும்.