பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

தங்கச்சி, நெதர்லாந்தில் உட்ரெக்ட் வந்து மூணு வாரம் ஆச்சு, பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கினேன், கையில் பிரேக்கே இல்லை, பெடலைப் பின்னால் சுற்றினால் சடக்கென்று நின்றுவிடுகிறது, 34 வயசில் இது தேவையா, பஸ்ஸிலேயே போயிடவா என்று கேட்டிருந்தாய். சைக்கிளை விட்டுவிடாதே. 11 வருஷமாக அங்கே இருக்கிறேன். சைக்கிள் கைவந்த பிறகுதான் அது எனக்கு என் ஊர் ஆனது.

இப்போது லீவில் காரைக்குடியில் இருக்கிறேன். நீ கேட்டதைப் படித்ததும், முகப்பில் நிற்கும் அப்பச்சியின் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுப் பெடலைப் பின்பக்கம் சுற்றிப் பார்த்தேன். டிக்டிக்டிக் என்று சும்மா சுற்றுகிறது. சிக்கல் இங்கேதான். இறக்கத்தில் மிதிக்காமல், பெடலைப் பின்னால் சுழற்றிக்கொண்டே வருவோமே, அந்தப் பழக்கம் காலில் ஊறிக் கிடக்கிறது. உன் சைக்கிளில் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே பிரேக் இருக்கிறது. பின்னால் அழுத்தினால் பிடிக்கும். எனக்கும் முதல் வாரம் ஒரு சிக்னல் பக்கத்தில் கால் தன்னால் பின்னே போய், வண்டி நின்று, பின்னால் வந்தவர் இடித்து முழங்கால் தேய்ந்தது. அழுதுகொண்டே வீடுவரை உருட்டிப் போனேன்.

அதனால் ஓட்டுவதை விடு, முதலில் நிறுத்தப் பழகு. ஞாயிறு காலையில் காலியான இடத்தில் பத்தடி ஓட்டு, நிறுத்து, மறுபடி ஓட்டு. குத்தாதே, மெதுவாக அழுத்து. கிளம்புவதுதான் பெரிய பாடு. நம் சைக்கிள் மாதிரி பெடலைப் பின்னால் சுற்றித் தூக்கி வைக்க முடியாது. நிற்கும்போதே இடதுகால் பின்னால் அழுத்த, வலது பெடல் முன்னால் இருக்கும்படி நிறுத்து. உடனே சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கி இடதுகாலை ஊன்று. மறுபடி கிளம்ப வலது பெடல் தயாராக இருக்கும். பழகும்வரை சீட்டைத் தாழ்த்தியே வை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. செயின் கழன்றால் அந்த பிரேக்கும் போய்விடும். கடையில் கொடுத்து முன்சக்கரத்துக்கு ஒரு கைப்பிரேக் போடச் சொல்.

ரோட்டில் வலப்பக்கம் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடு. 2001 மே மாதத்திலிருந்து சைக்கிளுக்கும் இதே முன்னுரிமை உண்டு. டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும், நேர் குறுக்காகக் கட. இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு. போனைக் கையில் எடுக்கவே கூடாது, 2019 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கிறது, முதல் 24 மணி நேரம் இலவசம். கூட்டத்துக்கு பயமாக இருந்தால் அங்கே போவதைக் கொஞ்ச நாள் கழித்து வைத்துக்கொள்.

கோவிலூர் ரோட்டில் அப்பச்சி சீட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அடுத்த வாரம் நான் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை காலை சைக்கிளோடு வா, சீட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.